சுருட்டைக்காரனின் ஸ்டெப் கட்டிங்

என் தலைமுடி சுருட்டை. இன்று இதைச் சொன்னால் வெறும் தகவல். 1981-ல் அது எங்கள் வீட்டுப் பிரச்சினை. அந்த வருஷம் ஊரில் மீசை அரும்பிய அத்தனை பையன்களின் காதுகளும் காணாமல் போயிருந்தன. ஸ்டெப் கட்டிங் வந்துவிட்டது. வடக்கே அமிதாப், இங்கே கமல். உச்சியிலிருந்து அடுக்கடுக்காக வெட்டி இறக்கி, காதில் பாதியை மூடி, பிடரியில் சட்டைக் காலரைத் தொட வேண்டும். ஒரே நிபந்தனை, முடி கீழ்நோக்கி விழ வேண்டும். என் முடி மேலே போகும், பக்கவாட்டில் போகும். கீழே மட்டும் வராது.

சலூன்காரர் நல்ல மனுஷர். தலையை ஒருமுறை கோதிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த முடிக்கு ஸ்டெப் எடுக்காது. சொன்னாக் கேளுங்க” என்றார். சுவரில் ஒட்டியிருந்த கமல் படத்தைக் காட்டினேன். “அது அவரு முடி” என்றார். விஷயம் அதோடு முடிந்தது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். “நீங்க வெட்டுங்கண்ணே” என்றேன். வெட்டினார். ஈரத்தோடு இருந்தவரை கமலுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தேன். வீட்டுக்கு நடந்து வருவதற்குள் வெயிலில் தலை காய்ந்து, படிகள் எல்லாம் சுருண்டு ஒரே மாடியாகிவிட்டன.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளரும். நேர்முடிக்காரனுக்கு அது முழு லாபம். சுருட்டைக்காரனுக்கு வளர்ந்ததில் பாதி வளையத்துக்குள்ளேயே செலவாகிவிடும். இழுத்துப் பிடித்தால் தோள் வரைக்கும் வருவது, விட்டால் காதுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். முடி முளைக்கிற குழியே வளைந்திருப்பதுதான் காரணம் என்று பிற்காலத்தில் படித்தேன். குழியே கோணலாக இருக்கும்போது பிரில்கிரீம் என்ன செய்யும்? ஆனாலும் தடவினேன். விளக்கெண்ணெய் தடவினேன். ராத்திரி ஈரத் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிப் படுத்து, ஜலதோஷத்தோடு எழுந்தேன்.

கடைசியில் இஸ்திரிப் பெட்டி. தங்கைக்கு ஒரு ஐஸ்கிரீம் பேசி முடித்தேன். மேஜையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதில் இடது கன்னத்தை வைத்து, முடியைப் பரப்பி, மேலே அப்பாவின் கைக்குட்டையை விரித்துப் படுத்திருந்தேன். அவள் பள்ளிச் சீருடை தேய்க்கிற அதே அக்கறையோடு தேய்த்தாள். முதல் இழுப்பில் முடி நிஜமாகவே நேராகிவிட்டது. எட்டிப் பார்த்த கண்ணாடியில், காதுக்கு மேல் பளபளவென்று ஒரு பட்டை. அந்தச் சந்தோஷத்தில் “இன்னும் கொஞ்சம் அழுத்தும்மா” என்றதுதான் வினை. “அண்ணா, வாசனை வருது” என்றாள். முடியில் கந்தகம் உண்டு. கருகினால் தெருவுக்கே தெரியும். கைக்குட்டையை எடுத்தபோது அதோடு ஒரு கொத்து முடியும் சேர்ந்து வந்தது. மிச்சமிருந்தது செம்பட்டையாகி, நுனியில் சின்னச் சின்ன மணிகளாகத் திரண்டிருந்தது. அடுத்த சில வாரங்கள் யாரிடம் பேசினாலும் வலது பக்கம் திரும்பி நின்றுதான் பேசினேன். ‘பதினாறு வயதினிலே’ வந்த 1977-லிருந்தே தெருவில் எனக்குப் பரட்டை என்றுதான் பெயர். இப்போது அது ‘அரைப் பரட்டை’ ஆனது.

அப்பா திட்டவில்லை. அதுதான் சந்தேகமாக இருந்தது. காரணம் அவருடைய பழைய ஸ்டூடியோ போட்டோவில் கிடைத்தது. பிடரி வரைக்கும் வழித்து வாரி, கழுத்தில் சுருள் சுருளாகப் புரளும் பாகவதர் கிராப். தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அந்த நாளில் பையன்கள் பாதிப் பேர் அந்தத் தலைக்காக முடி வளர்த்தார்களாம். அப்பாவுக்கு வளர்க்கிற சிரமம்கூட இல்லை; எங்கள் வம்சச் சுருட்டை அந்தக் கிராப்புக்கென்றே செய்தது. நான் முப்பத்தைந்து வருஷம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் ஃபங்க் வந்தது. முன்னால் குட்டை, பக்கத்தில் இன்னும் குட்டை, பிடரியில் மட்டும் வால். என் வால் தொங்காமல் பந்தாகச் சுருண்டு நின்றது. அந்தக் கோலத்தில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பெரியவர் ஒருவர் சர்டிஃபிகேட்டைப் பார்க்காமல் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்து, “நாடகத்துல நடிக்கிறீங்களா தம்பி?” என்று கேட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. வேறொரு வேலை கிடைத்ததற்கு, நடுவில் திருப்பதி போய்வந்ததுதான் காரணம். மொட்டை என்பது வேண்டுதல் கணக்கில் வருகிற ஒரு ஹேர் ஸ்டைல் என்பது என் அபிப்பிராயம்.

நான் மட்டும்தான் அசடு என்று நினைத்துவிட வேண்டாம். இந்தி நடிகை சாதனாவுக்கு நெற்றி அகலம். 1960-ல் வந்த ‘லவ் இன் சிம்லா’வுக்காக, ஆட்ரி ஹெப்பர்ன் பாணியில் முன்முடியைக் கத்தரித்து நெற்றியில் விடலாம் என்று யோசனை சொன்னவர் இயக்குநர் ஆர்.கே. நய்யார். நாடே அதற்கு சாதனா கட் என்று பெயர் வைத்து வெட்டிக்கொண்டது. எங்கள் அத்தைக்கு நெற்றியே இரண்டு விரல்கடைதான். அதையும் மூடிக்கொண்டு, புருவத்திலிருந்தே முடி முளைத்ததுபோல் கல்லூரிக்குப் போனாள். 2002 உலகக் கோப்பையில் பிரேசில் ரொனால்டோ முன்னந்தலையில் மட்டும் ஒரு முக்கோணத்தை விட்டுவிட்டு மீதியை மழித்துக்கொண்டு வந்தார். எல்லோரும் தன் கால் காயத்தைப் பற்றியே பேசியதால், பேச்சை முடிப்பக்கம் திருப்பத்தான் அப்படிச் செய்தேன் என்று பிறகு அவரே சொன்னார். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் வெட்டிக்கொண்டதற்காக அம்மாக்களிடம் மன்னிப்பும் கேட்டார். காயம் எதுவும் இல்லாத என் தங்கை மகனும் அந்த முக்கோணத்தோடு வந்து நின்றான். தங்கை என்னைத்தான் முறைத்தாள். யாரோ ஒருவர் தன் தலைவலிக்கு எழுதி வாங்கிய மருந்துச் சீட்டில் ஊரே மருந்து வாங்கிச் சாப்பிடுகிற கதை இது.

இவ்வளவு தெரிந்தபிறகும் 2003-ல் ‘காக்க காக்க’ பார்த்துவிட்டு நேராக சலூனுக்குப் போனேன். சூர்யாவின் போலீஸ் கிராப். சுருள்வதற்கே நீளம் வைக்காத கிராப் என்பதால், இந்த முறை தோற்க வழியே இல்லை என்று கணக்கு போட்டிருந்தேன். முடி ஒத்துழைத்தது. மண்டை காலை வாரியது. பின்மண்டை தட்டை, உச்சியில் ஒரு மேடு. இத்தனை வருஷமாகச் சுருட்டை எனக்குச் செய்துவந்த உபகாரம் அன்றைக்குத்தான் தெரிந்தது. கிராப் வைத்த போலீஸைவிட, பிடிபட்டவன் சாயல்தான் அதிகம். வீட்டில் மனைவி பின்பக்கம் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். “இது என்ன, ரெட்டைச் சுழியா?” என்றாள். ரெட்டைச் சுழி என்றால் ரெண்டு பெண்டாட்டி என்பது அவள் ஊரிலும் வழக்கு. “கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் சொல்லலையே!” அன்றிலிருந்து நான் ஆபீஸ் விட்டு வர ஐந்து நிமிஷம் தாமதமானாலும் சுழிதான் முதலில் விசாரிக்கப்படும்.

இப்போது அந்தச் சுழி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மகனுக்கு அம்மாவின் முடி, சொன்னபடி கேட்கிற நேர்முடி. போன மாதம் அதைப் பெர்ம் பண்ணிக்கொண்டு வந்தான். முடியின் உள்கட்டை மருந்தால் தளர்த்தி, குச்சிகளில் சுற்றி, சுருண்ட நிலையிலேயே மறுபடி இறுக்கிவிடுவார்களாம். என்ன செலவு என்று கேட்டேன். தொகையைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். என் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “உங்கப்பன் இதை இஸ்திரி போட்டுக் கெடுத்தான்டா” என்றாள்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. “அப்பா, கர்லை எப்படி மெயின்டெயின் பண்றது?” என்று கேட்டான். தலை விஷயத்தில் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அதை ஒழிக்கிற வழிகள்தான் எனக்குத் தெரியும், அதிலும் ஒன்றுகூடப் பலித்ததில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.