தாவல் தம்பி

உலாவியின் டேப்புக்குத் தமிழில் 'தாவல்' என்று பெயர் வைத்தவர், கிள்ளானில் என் பக்கத்து வீட்டுத் தம்பியைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். சிவில் இன்ஜினியரிங், கடைசி ஆண்டு. மடிக்கணினியில் எந்நேரமும் நாற்பது தாவல் திறந்திருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவன் பாய்கிற வேகத்தைப் பத்துமலைக் குரங்குகள் பார்த்தால் தொழிலையே விட்டுவிடும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். மாமாக் கடையில் பிளக் இருக்கும் மேசை, ஒரே ஒரு தே ஓ ஐஸ், மூன்று மணி நேரம். "தீசிஸ் எந்த மட்டும்பா?" என்றால், "எல்லாம் டவுன்லோட் பண்ணிட்டேன் அங்கிள்" என்பார்கள். படித்தேன் என்ற வினைச்சொல் அவர்கள் இலக்கணத்தில் கிடையாது.

நம்மாள் எடுத்த தலைப்பு கிள்ளான் களிமண். ஆராய்ச்சிக்கூடம் வாசலிலேயே இருக்கிறது. எங்கள் வரிசையில் வீடுகள் பைல் அஸ்திவாரத்தின் மேல் நிற்கின்றன. கார் போர்ச் வெறும் மண்மேல். வீடு அசையாது, போர்ச் ஆண்டுக்காண்டு இறங்கும். பாரம் அழுத்த அழுத்தக் களிமண்ணிலுள்ள நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறுகிற சங்கதி. டெர்சாகி என்ற மனிதர் 1925இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். எங்கள் வாசற்படிக்கும் போர்ச்சுக்கும் நடுவே இப்போது என் சிலிப்பர் நுழைகிறது.

தம்பி "கிள்ளான் கிளே" என்று தட்டினான். முதலில் வந்தது களிமண் சட்டி பக்குத்தே, கடை முகவரியோடு. அடுத்து முகத்துக்குப் பூசும் களிமண். அப்புறம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் களிமண். அதை இறக்கி வைத்துக்கொண்டான். "எல்லாம் கிளேதானே அங்கிள்!"

பொதுப்பணித் துறையான ஜேகேஆரில் முப்பது வருடம் வரைபடம் போட்டவன் நான். பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவனைக் கொமுட்டர் ரயிலில் ஏற்றினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் இறக்கி வடை வாங்கிக் கொடுத்து (லஞ்சம்தான்), துன் ரசாக் சாலையில் தலைப்பாகைக் கூரை போட்ட தேசிய நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். 624.15, மண்ணும் அஸ்திவாரமும். கனமான ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். இப்படியும் அப்படியும் புரட்டினான்.

"இதுல கண்ட்ரோல் எஃப் எங்கே அங்கிள்?"

கடைசிப் பக்கங்களைத் திறந்து சொல்லடைவைக் காட்டினேன். "அட, ஆஃப்லைன்லயே வேலை செய்யுதே!"

தேடிப் போனது ஒன்று, பக்கத்தில் கிடைத்தது வேறொன்று. மூவாரில் நெடுஞ்சாலை வாரியம் களிமண்மேல் சோதனைக்குக் கரை எழுப்பிய கதை. எவ்வளவு உயரத்தில் சரியும் என்று உலக நிபுணர்களை முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். மண்ணைக் கொட்டிக்கொண்டே போனார்கள். 5.4 மீட்டரில் சரிந்தது. 1989இல் அதை அலசக் கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்கே நடந்தது.

"நாலு நம்பர் எழுதுற மாதிரி இருக்கே அங்கிள்!" என்றவன், ஆச்சரியம், இருபது நிமிடம் தாவாமல் உட்கார்ந்தான். இருபத்தோராவது நிமிடம் போனை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கத் தொடங்கினான்.

திரும்பும் ரயிலில், "படிச்சியா?" என்றேன்.

"கிளவுட்ல இருக்கு அங்கிள். சேஃப்."

நாலு வார்த்தை திட்ட வாய் திறந்தேன். எண்பதுகளில் நான் பக்கத்துக்கு இத்தனை காசு என்று ஜெராக்ஸ் எடுத்துக் குவித்த மைலோ பெட்டிகள் நினைவுக்கு வர, மூடிக்கொண்டேன். டெர்சாகியும் அவற்றில்தான் இருக்கிறார். கட்டிய ராஃபியா கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.

அந்தப் பெட்டிகள் போர்ச்சில்தான் கிடக்கின்றன. அந்த மூலை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருப்பதாகத் தம்பி நேற்று டேப் வைத்து அளந்து சொன்னான். இது அளக்கிற டேப்.