ஃபார்வேர்டு என்றால் எந்தப் பக்கம்?

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வியாழக்கிழமை ராத்திரி ஒரு செய்தி வந்தது. நெக்ஸ்ட் சண்டே நடக்கவிருந்த தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலை, டூ டேஸ் ஃபார்வேர்டு மூவ் செய்யப்பட்டிருக்கிறதாம். கைண்ட்லி ஸ்டோர் வாட்டர். கீழே கையெடுத்துக் கும்பிடும் பொம்மை வேறு.

நெக்ஸ்ட் சண்டே என்றால் வருகிற ஞாயிறா, அதற்கடுத்த ஞாயிறா? ஃபார்வேர்டு என்றால் வெள்ளியா, செவ்வாயா? இரண்டையும் பெருக்கினால் நாலு நாள். அதில் முதல் நாள் மறுநாள் காலையே விடிந்துவிடும். பி பிளாக்கில் அன்றிரவே அண்டா, குடம், குழந்தையைக் குளிப்பாட்டும் டப் வரை ரொப்பிவிட்டார்கள். சி பிளாக் செவ்வாய்தான் என்று நம்பி நிம்மதியாகத் தூங்கிற்று.

"ஃபார்வேர்டுன்னா முன்னாடி சார், வெள்ளிக்கிழமைதான்" என்றார் மூன்றாவது மாடி மாமா.

"பஸ்ல கண்டக்டர் முன்னாடி போங்கன்னா டிரைவர் பக்கம்தானே போறோம்? ஏறின ஸ்டாப்புக்கா திரும்பிப் போறோம்? செவ்வாய்தான்" என்றார் ரிடையர்டு கணக்கு வாத்தியார்.

இருவரும் சரி. அதுதான் கொடுமை. மேல்நாட்டு உளவியல்காரர்கள் இதே வாக்கியத்தை வைத்து ஆராய்ச்சியே நடத்தியிருக்கிறார்கள். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ஃபார்வேர்டு என்றால் என்றைக்கு என்று கேட்டால், ஏறக்குறையப் பாதிப்பேர் திங்கள் என்கிறார்கள், மீதிப்பேர் வெள்ளி. விமான நிலையத்திலும் போய்க் கேட்டார்கள். யாரையோ அழைத்துப்போகக் காத்திருந்தவர்களைவிட, அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்களில் வெள்ளிக் கட்சி பெரிது. ஆக, என்றைக்குத் தண்ணீர் பிடிக்கவேண்டும் என்பது நான் எதில் வந்து இறங்கினேன் என்பதைப் பொறுத்தது.

நம்மூர் ஆங்கிலத்தில் இதற்கு மருந்து உண்டு: பிரீபோன், போஸ்ட்போனுக்கு நேர் எதிர். கான்வென்ட்காரர்கள் சிரிப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சேர்த்துக்கொண்டாயிற்று, இவர்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. எங்கள் செயலாளருக்கும் அது நல்ல இங்கிலீஷ் இல்லையாம்.

"எந்த நாள்?" என்று அவருக்கு எழுதினேன். "நோட்டட். வில் ரிவர்ட்" என்று வந்தது. இந்த ரிவர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். லண்டனில் ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. நம் ஆபீஸ்களில் பதில் போடுவது. செயலாளர் இரண்டாவது அர்த்தத்தில் சொல்லி முதல் அர்த்தத்தில் நடந்துகொண்டார். அதன் அண்ணன், டூ த நீட்ஃபுல். நான் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் எங்கள் மேலதிகாரி எல்லாக் கோப்பிலும் இதைத்தான் எழுதுவார். செய்யவேண்டியதைச் செய்யவும். எதை? அது தெரிந்தால் கோப்பு எதற்கு அவரிடம் போகிறது? நானும் அதையே எழுதி எனக்குக் கீழே இருப்பவரிடம் தள்ளுவேன். அவர் ஃபார் ஃபர்தர் நெசசரி ஆக்‌ஷன் என்று எழுதிப் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவார். பக்கத்து மேஜை டிஸ்கஸ் என்று எழுதி என்னிடமே அனுப்பும். கோப்பு ஊர் சுற்றிக் கொழுக்கும். வேலை நடக்காது, ஆனால் யாரும் மாட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். குழப்பமான ஆங்கிலத்தை ஆங்கிலம் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள் என்று நினைப்பவர்கள் அரசாங்க உத்தியோகம் பார்க்காதவர்கள்.

வெள்ளைக்காரர்கள் மட்டும் ஒழுங்கா? டேபிள் என்றால் பிரிட்டிஷாருக்கு உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்கருக்குக் கிடப்பில் போடுவது. உலகப் போருக்கு நடுவே இரு தரப்பும் இதற்காக நீண்ட நேரம் மல்லுக்கு நின்றதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் குளோஸ்டர்ஷயர் பட்டாளத்தைச் சீனப் படை சூழ்ந்துகொண்டபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை "எ பிட் ஸ்டிக்கி" என்றாராம். பிரிட்டிஷ் நாகரிகத்தில் அதற்கு அர்த்தம், தொலைந்தோம். அமெரிக்கர் 'ஏதோ சமாளிக்கிறார்கள்' என்று எடுத்துக்கொண்டார். 500 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள்.

உயிர்பயம் வந்தால் மட்டும் ஆங்கிலம் திருந்திவிடும். 1977-இல் டெனெரீஃப் ஓடுபாதையில், பேச்சுக் குழப்பமும் சேர்ந்துகொள்ள, இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். இன்று விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் 'டேக்ஆஃப்' என்ற சொல்லை, பறக்க அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும்தான் பேசலாம். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'தான். நைன் என்பது ஃபைவ் என்று காதில் விழுந்துவிடக்கூடாதென்று 'நைனர்' என்கிறார்கள். அழகில்லைதான். யாருக்கு வேண்டும் அழகு?

ஆகவே செயலாளர்களே, மேலாளர்களே, மொட்டைமாடிப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் சகல அதிகாரிகளே! ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தேதியை மட்டும் எண்ணில் போட்டுத் தொலையுங்கள்.