கடலை காப்போம்

மட்டக்குளிக்கு அவர் வருவது வருசத்தில் ஒரே ஒரு நாள். செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை, உலகமெங்கும் கரையோரம் துப்புரவாக்கும் அந்த நாளில், காலை ஏழு மணிக்குக் காக்கைத்தீவுக் கடற்கரையில் ஏசி வான் ஒன்று வந்து நிற்கும். முதலில் பனர் இறங்கும். அடுத்து தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள். கடைசியாக இலைப்பச்சை டீசேர்ட்டில் அவர். உத்தியோகம், நிலைபேறு முகாமையாளர். கம்பனியின் பெயர் நமக்கு எதற்கு? கொழும்பில் பெரிய கம்பனி என்றிருந்தால் உள்ளே இப்படி ஒருவர் இருப்பார். முன்பு விளம்பரப் பகுதியில் சவர்க்காரம் விற்றுக்கொண்டிருந்தவர்தான். வான் ஓட்டுகிற பையன் ஒருநாள், "நிலைபேறு எண்டா என்ன சேர்?" என்று கேட்டிருக்கிறான். "சஸ்டெய்னபிலிட்டி, தம்பி" என்று தெளிவாக விளங்கப்படுத்தினாராம்.

அவருடைய கெட்டித்தனம் குப்பை பொறுக்குவதில் இல்லை, அதை அளப்பதில் இருக்கிறது. அன்று நாற்பது சாக்கு சேர்ந்தது என்று வையுங்கள். பத்திரிகைக்காரருக்கு அது நாற்பது சாக்கு. படத்தில் அடுக்கி வைத்தால் மலை மாதிரித் தெரியும். பணிப்பாளர் சபைக்குச் சாக்கு சரிவராது, கிலோ வேண்டும். களனி கங்கை கடலில் விழுகிற இடம் இது. ஆறு கொண்டுவந்து தள்ளுவதெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கும், சாக்கின் அடியில் மணலும் ஏறியிருக்கும், ஒன்றைத் தூக்க இரண்டு பேர் தேவை. அவர் மணலை உதற விடமாட்டார். மனிதவளப் பகுதிக்கோ கணக்கு மணித்தியாலத்தில்: அறுபது பேர், மூன்று மணித்தியாலம், ஆகமொத்தம் 180. பாணும் சம்பலும் சாப்பிட்ட நேரமும் செல்பி எடுத்த நேரமும் இதற்குள் அடக்கம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆமைக் கணக்கு. "பிள்ளைகள், ஒரு போத்தல் பொறுக்கினா ஒரு ஆமையைக் காப்பாத்தின மாதிரி." போன வருசம் முன்வரிசையில் நின்ற ஒரு சின்னவள், வானிலிருந்து இறங்கிய தண்ணீர்ப் பெட்டிகளைக் காட்டிக் கேட்டாள்: "அப்ப சேர், அதுக்குள்ள எத்தின ஆமை?" அவளுக்குத் தொப்பி ஒன்று கொடுத்துப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள்.

அவருக்குப் பொற்காலம் என்றால் 2021தான். மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, ஆயிரத்து அறுநூறு தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் குறுணியோடு ஜூனில் மூழ்கியது. மேற்குக் கரையில் பல இடம் பனி கொட்டினது போல வெள்ளையாய்க் கிடந்தது. வேறு யாரோ செய்த அநியாயத்தைக் கூட்டி அள்ளுவதில் உள்ள நிம்மதி அவருக்கு அதற்குப் பிறகு கிடைக்கவேயில்லை. மற்ற வருசங்களில் ஒரு சங்கடம் உண்டு. 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததுமான ஷம்பு சஷே அதே 2021 மார்ச்சோடு தடையாகிவிட்டது, ஆனால் மணலுக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது. கிண்டக் கிண்டப் பழையது வரும். படம் எடுக்கும் முன் அவர் மெதுவாகக் குனிந்து ஒரு சஷேயை எடுத்து, பெயர் கீழே வரும்படி புரட்டி வைப்பதை நானே கண்டிருக்கிறேன். அத்தனை பேர் நிற்க, எதை எதைப் புரட்ட வேண்டும் என்று அந்தக் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

இப்போது கேட்பதற்கு ஒரு புது ஆள் வந்திருக்கிறார், கணக்காய்வாளர். பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பனிகளும் 2025 ஜனவரியில் தொடங்கும் கணக்காண்டிலிருந்து நிலைபேற்று விபரங்களைச் சர்வதேச நியமப்படி வெளியிட வேண்டும் என்று வந்துவிட்டது. ஒரு மெலிந்த பையன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இந்தக் கிலோ ஈரநிறையா சேர், உலர்நிறையா?" என்றானாம். அன்றிலிருந்து அவருடைய பேச்சில் எண் குறைந்து 'பயணம்' கூடியிருக்கிறது. "நாங்கள் ஒரு பயணத்தில் இருக்கிறோம்." பயணத்தை யாரும் தராசில் வைக்க முடியாது.

பனரைப் பற்றிச் சொல்லவேண்டும். மும்மொழி. சிங்களம் சுத்தம், ஆங்கிலம் அதைவிடச் சுத்தம். தமிழில் ஒரு 'க்' மட்டும் விழுந்துவிட்டது: 'கடலை காப்போம்'. இத்தனைக்கும் மனிதர் வெள்ளவத்தைத் தமிழர், தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. கரையில் தாளித்த கடலை விற்கிறவர் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து நேரே பனருக்குக் கீழே நிறுத்திவிட்டார். நல்ல வியாபாரம். சனம் ஏன் சிரிக்கிறது என்று விசாரித்து அறிந்தவர், அடுத்த முறை திருத்துவதாகச் சொன்னார். அடுத்த வருசமும் அதே பனர் வந்தது. கேட்டால், மீள்பயன்பாடாம்.

பத்து மணிக்கு வான் போய்விடும். சாக்குகள் போகா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை இருக்கிறது, சாக்கு அங்கே போய்ச்சேர ஒரு லொறி வரவேண்டும். லொறி திங்கட்கிழமைதான். ஞாயிறு முழுக்க ஊர்க் காகங்கள் ஒவ்வொரு சாக்காகக் கொத்திப் பிரித்து, சம்பளமில்லாமல் தங்கள் கணக்காய்வை நடத்தும்.

இந்த வருசம் வானில் கூடுதலாக ஒரு பெட்டி இருந்தது. நிலைபேற்று அறிக்கை, முழுக்கக் கலரில், ஒரு பிரதி செங்கல் பாரம். அச்சடித்ததில் மிஞ்சியதாம். வீணாக்கக்கூடாது, அதுதானே சுற்றுப் பொருளாதாரம் என்று பத்துப் பிரதியைக் கடலைக்காரரிடம் நீட்டினார், சுருள் சுற்ற. கடலைக்காரர் ஒரு தாளைக் கிழித்துச் சுருட்டிப் பார்த்தார். கையை விட்டதும் அது தானாக விரிந்தது. இன்னொன்றில் கொஞ்சம் கடலை போட்டார். எண்ணெய் தாளில் இறங்காமல் வழிந்து அவர் முழங்கை வரை போனது.

"இது வழுக்குது சேர். எண்ணெயும் குடிக்காது, சுருளும் நிக்காது. எனக்குப் பிள்ளைகளிட பழைய கொப்பி போதும்."

பெட்டி திரும்ப வானில் ஏறியது.