28 மில்லிமீட்டர் சிப்பாயின் இலக்கணம்

படைகட்டு என்பது வெள்ளீயத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சின்னஞ்சிறு சிப்பாய்களை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி, 1803 முதல் 1815 வரை ஐரோப்பாவில் நடந்த நெப்போலியப் போர்களை மேசைமேல் மறுபடி நடத்துவதற்காக அணிவகுத்து நிறுத்தும் தொழில். போர் நடத்துவதே இதன் பயன் என்று நூல்கள் சொல்லும். நடைமுறையில் பயனைக் கண்டவர் சிலர். தொழிலிலேயே மூழ்கிப்போனவர் பலர். ஆகவே இக்கட்டுரை பயனைக் கடைசியில் தொட்டுக்கொண்டு தொழிலையே முதன்மையாக ஆராய்கிறது.

பொருளை முதல், கரு, உரி எனப் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. அப்பகுப்பு இத்துறைக்கும் குறைவின்றிப் பொருந்தும். முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலமாவது சாப்பாட்டு மேசை. பொழுதாவது வீட்டார் உறங்கிய பின் வரும் யாமம். கருப்பொருள்கள் தூரிகை, பசை, கத்தி, சாமணம், பூதக்கண்ணாடி, தூரிகை கழுவும் தண்ணீர்க் குவளை, அதன் பக்கத்திலேயே வைக்கப்பட்டு ஆறிப்போன தேநீர்க் குவளை ஆகியன. கடைசி இரண்டும் இடம் மாறுவது இத்துறையில் வழு எனப்படாது, வழுவமைதி எனப்படும். உரிப்பொருள், இன்னும் வாங்காத குதிரைப்படையை நினைத்து ஏங்குதல்.

துறையின் தோற்றம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. 1824-இல் பிரஷ்ய இராணுவம் ஏற்றுக்கொண்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்னும் பயிற்சியாட்டமே மூலம் என்பர் ஒருசாரார். அதில் அதிகாரிகள் வரைபடத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்தினர். கட்டைக்குத் தொப்பி கிடையாது, பொத்தான் கிடையாது. எனவே அது வெறும் போர்ப் பயிற்சியே, படைகட்டு ஆகாது என்று மறுசாரார் மறுப்பர். 1913-இல் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' எழுதி, பொம்மைப் பீரங்கியால் பொம்மைச் சிப்பாயைச் சுட்டு வீழ்த்தும் விதிகளை வகுத்தார். கைபடத் தீட்டிய சிப்பாயை ஒருவன் சுடச் சம்மதிப்பான் என்று அவர் எண்ணியதிலிருந்தே, அவர் தீட்டுவோர் மரபினர் அல்லர் என்பது விளங்கும். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-இல் வெளியிட்ட 'வார் கேம்ஸ்' நூலுக்குப் பிறகே பிரிட்டனில் இது பரவலான பொழுதுபோக்காயிற்று. 1970-களில் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போரின் சிப்பாய்கள் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக்கில் வந்து பள்ளிப்பிள்ளைகளின் கைக்காசுக்கும் எட்டின.

ஆயினும் துறையின் உண்மையான முன்னோர் கேப்டன் வில்லியம் சைபோர்ன் என்பதே ஏற்கத்தக்கது. வாட்டர்லூ களத்தின் மாதிரியைச் செய்யப் பணிக்கப்பட்ட இவர், 1830-இல் அக்களத்தின் நடுவே உள்ள லா ஏ சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, அன்று மாலை ஏழு மணியளவில் அவரவர் படை எங்கே, எந்த அணியில் நின்றது, எதிரே என்ன விளைந்திருந்தது என்று விசாரித்தார். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்த அந்த மாதிரியில் 70,000-க்கு மேற்பட்ட சிப்பாய்கள் நின்றனர். இப்போது அது லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரஷ்யர்கள் இத்தனை பேர் இத்தனை முன்னால் நிற்பது அப்போரில் ஆங்கிலேயர் தரப்புக்குத் தலைமை தாங்கிய வெலிங்டன் பிரபுவுக்கு உவப்பாக இல்லை. சைபோர்ன் பிற்பாடு பிரஷ்யர் பலரைப் பெயர்த்தெடுத்தார். செலவுக்குத் தக்க வரவு வரவே இல்லை. அளவு மீறிய எண்ணிக்கை, பயிரின் உயரம்வரை விசாரிக்கும் வெறி, கடன் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த முதல் மனிதர் இவரே. பின்வந்தோர் இம்மூன்றையும் மரபாகப் பெற்றனர்.

அடுத்து அளவு. சிப்பாய் 6, 10, 15, 28 மி.மீ. எனப் பல உயரங்களில் வருகிறான். உட்கார்ந்து ரசிக்க ஏற்றது 28. படையாகத் தோன்ற ஏற்றது 6. இரண்டையும் ஒருவரே விரும்புவதால் இரண்டையும் வாங்குவதே வழக்கம். ஒரு பொம்மை 20 உண்மைச் சிப்பாய்களுக்குப் பிரதிநிதி என்பது பல விதிநூல்களில் காணும் கணக்கு. வாட்டர்லூவில் மூன்று தரப்பிலும் சேர்ந்து ஏறத்தாழ 1,90,000 பேர் இருந்தனர். அக்கணக்குப்படி தேவைப்படுவோர் 9,500. ஒரு சிப்பாய்க்கு ஒரு மணி நேரம், இரவுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் 26 ஆண்டு ஆகும். நெப்போலியப் போர்கள் மொத்தமுமே 12 ஆண்டில் முடிந்துவிட்டன. குதிரைகளை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

நில அளவில் சிக்கல் இன்னும் தீவிரமானது. ஐந்து கிலோமீட்டர் அகலமுள்ள களத்தை ஐந்து மீட்டர் மேசையில் அடக்கினால் ஒரு மில்லிமீட்டர் ஒரு மீட்டருக்குச் சமம். அப்போது 28 மி.மீ. சிப்பாய் ஒன்பது மாடி உயரத்தில் நிற்கிறான். மஸ்கட் துப்பாக்கி உருப்படியாகச் சுடும் தூரம் 100 மீட்டர் என்றால் மேசையில் அது பத்தே சென்டிமீட்டர். நான்கு சிப்பாய்களைத் தலைமாடு கால்மாடாகப் படுக்கவைத்தால் எதிரி வரிசையைத் தாண்டிவிடும். சிப்பாயின் அளவுக்கே பண்ணைவீடு செய்துவைத்தாலோ, அதன் கொல்லைப்புறச் சுவர் பிரெஞ்சுப் பீரங்கி வரிசையை இடிக்கும். இந்த முரணைத் தீர்த்தவர் இல்லை. யாரும் அதைப் பேச்சில் எடுப்பதில்லை என்பதே நிலவும் தீர்வு.

எந்த நாட்டுப் படை என்னும் கேள்விக்கு வீரம், அரசியல், அனுதாபம் எனப் பல காரணங்கள் கூறப்படும். முடிவு செய்வது பெரும்பாலும் வண்ணம்தான். ஆஸ்திரியரின் சட்டை வெள்ளை. வெள்ளையைத் தீட்டுவதுபோல் கடினமானது இத்துறையில் வேறில்லை: முதலில் சாம்பல் பூசி, மடிப்பை விட்டு மேட்டில் மட்டும் வெள்ளை ஏற்ற வேண்டும். பிறகு ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் மாறும் கழுத்துப்பட்டி நிறம். சிவப்பிலேயே செங்கருஞ்சிவப்பு, ரோஜாச் சிவப்பு, நண்டுச் சிவப்பு என்று பல கிளைகள். ரஷ்யர் கரும்பச்சை, எல்லாரும் ஒன்றுபோல் இருப்பதால் வேலை விரைவில் முடியும், சலிப்பும் விரைவில் வரும். பிரஷ்யரின் ஊர்க்காவல் படையான லாண்ட்வேருக்கு உடுப்பே சரியாக வாய்க்கவில்லை என்பதால் எப்படித் தீட்டினாலும் சரி. சோம்பேறிக்கு ஏற்ற படை அது.

பிரிட்டிஷ் சிவப்பு என்பது ஒன்றல்ல, இரண்டு. சாதாரணச் சிப்பாயின் சட்டை மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் தோய்ந்த செங்கல் நிறம். அதிகாரியுடையது கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சுடர்ச் சிவப்பு. மழையிலும் வெயிலிலும் முன்னது இன்னும் மங்கும். இந்த வேறுபாட்டைக் காட்டாதவர் படையில் அதிகாரியும் ஆளும் ஒரே தையற்காரரிடம் கடன் வைத்தவர்கள்போல் நிற்பார்கள். இந்தியாவுக்கு வந்து 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டு, பின்பு வாட்டர்லூவிலும் நின்ற 33-ஆம் ரெஜிமென்ட்டைத் தீட்டுவோர் தனியே விரும்புவர். சிவப்புச் சட்டைக்குக் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் சிவப்பே. ஒரு டப்பா மிச்சம்.

பிரெஞ்சு நீலத்துக்கு வங்காளம்வரை நீளும் ஒரு கதை உண்டு. ஐரோப்பாவுக்கு அவுரி நீலம் பெருமளவு வங்காளத்திலிருந்து கடல்வழியே சென்றது. அந்தக் கடலோ ஆங்கிலேயர் கையில். நீலம் அரிதானதால் 1806-இல் காலாட்படைக்கு வெள்ளைச் சட்டை என்று ஆணை பிறந்தது. சில ரெஜிமென்ட்கள் மட்டுமே அதை அணிந்தன. அடுத்த ஆண்டே ஆணை கைவிடப்பட்டது. அந்தச் சில ரெஜிமென்ட்களைத் தேடித் தேடித் தீட்டுவதில் படைகட்டாளருக்கு உள்ள ஆர்வம், நீலச்சட்டை அணிந்த எஞ்சிய இலட்சக்கணக்கானோர்மேல் இருப்பதில்லை.

இனி தீட்டுமுறை. சிப்பாயை அச்சுப்பிசிறு நீக்கி, கழுவி, ஐஸ் குச்சியில் ஐந்தாறு பேராக வரிசையாய் ஒட்டி, அடிப்பூச்சு அடிக்க வேண்டும். அடிப்பூச்சு கறுப்பா வெள்ளையா என்பது தீராத பூசல். கறுப்பர் சொல்வது: தூரிகை எட்டாத இடமெல்லாம் தானே நிழலாகிவிடும். வெள்ளையர் சொல்வது: வண்ணம் பளிச்சென்று நிற்கும். சாம்பல் பூசுவோர் இருதரப்பாரின் ஏளனத்துக்கும் ஆளாகி, சத்தமின்றி நல்ல படைகளைக் கட்டிவருகின்றனர்.

உள்ளிருந்து வெளியே என்பது பொது விதி. சிப்பாய் காலையில் உடுத்தும் வரிசையிலேயே தீட்டவேண்டும். முதலில் முகம். பழுப்பு கலந்த தோல்நிறம் பூசி, அதன்மேல் நீர்த்த மையை வழியவிட்டால் கண்குழியிலும் மூக்கோரத்திலும் தேங்கும். காய்ந்ததும் மூக்குநுனி, கன்னமேடு, தாடை ஆகிய மூன்றிடத்தில் வெளிர்நிறம். கிரெனடியர் எனப்படும் தேர்ந்த காலாட்படையினருக்கு மீசை கட்டாயம். கண் வைப்பதா வேண்டாமா என்பது தனி விவாதம். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கண்ணில் வெள்ளையும் கருமணியும் வைத்தால் பத்தில் எட்டுப் பேர் பேயைக் கண்டவர்போல் விழிப்பர். மூன்றடி தள்ளிநின்று பார்க்கப்படும் முகத்துக்குக் கண் தேவையில்லை, குழியில் நிழல் போதும் என்பதே தேர்ந்தவர் கட்சி. பிறகு கால்சட்டை, மேற்சட்டை, மார்பில் குறுக்கே செல்லும் வெள்ளை வார். வாரின் இருபுறமும் மயிரிழைக் கறுப்புக்கோடு விடாவிட்டால் வெள்ளை நீலத்தில் கரைந்துவிடும். பொத்தானுக்குத் தூரிகை வேண்டாம். பல்குத்தும் குச்சியின் நுனியில் மஞ்சள் தொட்டு வைத்தால் வட்டம் தானே அமையும்.

தொப்பியின் உச்சியில் ஒன்றரை மில்லிமீட்டர் குஞ்சம் இருக்கிறது. 1808 பிப்ரவரி ஆணைப்படி பிரெஞ்சு பட்டாலியனுக்கு ஆறு கம்பெனி: ஒன்று கிரெனடியர், ஒன்று வோல்டிஜர், நான்கு ஃபியூசிலியர். அந்த நான்குக்கும் முறையே கரும்பச்சை, வானநீலம், ஆரஞ்சு, ஊதா. இதைத் தவறாகத் தீட்டினால் எதிரி கவனிக்கமாட்டார். தன் பக்கத்துத் தோழர் கவனித்துச் சொல்வார். இவ்வகைத் தோழர்களைப் பொத்தான் எண்ணிகள் என்பது வழக்கு.

பொத்தான் எண்ணிகளின் நிலைப்பாட்டில் ஆராயவேண்டிய ஓட்டை ஒன்று உண்டு. அவர்கள் ஆதாரமாகக் கொள்வது ஆணைகளை. ஆணையில் பட்டாலியன் 840 பேர். களத்தில் 500 இருந்தாலே பெரிது. 1812 ஜனவரியில் வந்த பார்தேன் என்னும் பிரெஞ்சு உடுப்பு ஒழுங்குமுறை மார்பு மூடிய குறுஞ்சட்டையை வகுத்தது. அது பல ரெஜிமென்ட்களுக்கு 1813 வரை வந்துசேரவில்லை. ஸ்பெயினில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கிடைத்த பழுப்புத் துணியில் கால்சட்டை தைத்துக்கொண்டனர். வாட்டர்லூவுக்கு முந்திய இரவு முழுக்கக் கொட்டிய மழையில் இருதரப்பும் சேற்றில் படுத்தன. காலையில் சட்டை எது கோட்டு எது என்று தெரிந்திருக்காது. ஆக, ஆணைத்தாளில் சொன்னபடி பொத்தான் குறையாமல், குஞ்சம் மாறாமல் ஒரு முழுப் பட்டாலியனை நெப்போலியனின் தளவாட அதிகாரிகளால் கடைசிவரை நிறுத்த முடியவில்லை. அதை நிறைவேற்றியவர்கள் சாப்பாட்டு மேசைக்காரர்களே. சேற்றை நம்பும் இன்னொரு கட்சியும் வளர்ந்துவருகிறது: மூன்று இரவு கண்விழித்து வெளுப்பாக்கிய கால்சட்டையின் முழங்காலுக்குக் கீழே, காய்ந்த தூரிகையால் பழுப்பைத் தேய்ப்பதே வரலாற்றுக்கு விசுவாசம் என்பது அவர்கள் கொள்கை. செய்ய மனம் வருவோர் குறைவு.

கொடி தனி இயல். அச்சிட்ட தாளை வெட்டி, உட்புறம் பசை தடவி, கம்பைச் சுற்றி மடித்து, ஈரம் உலருமுன் விரலால் அலை அலையாக வளைத்துவிட வேண்டும். மடித்த ஓரத்தில் வெள்ளைத்தாள் தெரிந்தால் அதே நிறத்தால் மூடவேண்டும். இதை மறந்த கொடி எத்தனை சிறப்பாயினும் கடையில் வாங்கியது என்பதை ஊருக்குச் சொல்லும். நெப்போலியன் 1804 டிசம்பரில் படைகளுக்கு வழங்கிய கழுகுச்சின்னம் கம்பின் உச்சியில் பொன்நிறத்தில் அமரும். வாட்டர்லூவில் ஆங்கிலேயர் கைப்பற்றிய இரண்டு கழுகுகள் 45, 105-ஆம் ரெஜிமென்ட்களுடையவை. இழக்கப்போவது தெரிந்தும் இவ்விரண்டையே பலர் முதலில் தீட்டுவது ஆராய்ச்சிக்குரியது.

தீட்டி முடித்த சிப்பாயைப் பலகைத்துண்டில் ஒட்டி, மணல் தூவி, பழுப்படித்து, செயற்கைப் புல் ஒட்டுவது அடித்தளம். இதன் அகலம் எவ்வளவு என்பதில் ஒரு விதிநூலும் மற்றொன்றும் ஒத்துப்போவதில்லை. ஒரு பலகைக்கு நான்கு பேர் என்று 600 பேரை ஒட்டி முடித்த மாதத்தில், ஆறு பேர் என்று சொல்லும் புது விதிநூல் வெளிவரும். அப்போது கத்தியால் பெயர்த்து மறுபடி ஒட்டவேண்டும். அதில் கணுக்கால் ஒடிவோர் உண்டு. போரில் சிப்பாய் வெறுமனே மேசையைவிட்டு எடுக்கப்படுவானேயன்றி அவன் உடலுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதால், ஒரு படையின் உண்மையான உயிர்ச்சேதம் இங்கேதான் நிகழ்கிறது.

கடைசியாகப் போர். புதிதாகத் தீட்டிய படைப்பிரிவு முதல் ஆட்டத்திலேயே முதுகுகாட்டி ஓடும் என்பது துறையெங்கும் ஐயமின்றி நம்பப்படும் விதி. பகடை அறியாது எது புதிது என்று. ஆயினும் விதி பொய்ப்பதில்லை. விளக்கம் எளிது. புதுப் படையை நடுவே, எல்லார் கண்ணிலும் படும்படி, முன்வரிசையில் நிறுத்துவர். அங்கே நின்றால் எந்தப் படையும் ஓடும். மூன்று ஆண்டாய் மூலையில் நின்று வண்ணம் உரிந்த போர்ச்சுகல்காரர்கள் கடைசிவரை நின்று ஆட்டத்தை முடித்துக்கொடுப்பர்.

ஆட்டம் முடிந்ததும் காந்தத்தாள் ஒட்டிய அடித்தளங்களை இரும்புத்தகடு போட்ட பெட்டியில் நிறுத்தவேண்டும். பஞ்சுப்பெட்டியில் படுக்கவைத்தால் குதிரைவீரனின் வாள் பஞ்சில் மாட்டும். பயனெட் வளைந்த உலோகச் சிப்பாயை விரலால் நிமிர்த்தலாம். அதே பயனெட்டை அடுத்த தடவையும் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். ஒடிந்த இடத்தில் குண்டூசியைத் தட்டையாக்கி ஒட்டிக்கொள்ளலாம்.