மண்ணின் மைந்தர் ஆக ஆசைப்படும் அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, நீர் கட்சி தொடங்கப் போவதாக நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் பேச்சு. 'வடக்கன்மாரே, திரும்பிப் போங்க' என்று தட்டி எழுதும் முன்னே ஒரு வருஷத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். அது உம்ம பாட்டா இங்கே வந்ததற்குப் பிந்தியும், அசாம் திப்ருகரிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸ் வந்ததற்கு முந்தியும் இருக்கணும். அதற்கு அப்புறம் வந்தவனெல்லாம் வந்தேறி.

1956-ஐத் தொடாதீர். அந்த நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேரும் வரை குமரிக்காரர் நாமே திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். ஆரல்வாய்மொழிக்கு அப்பால் உள்ளவனைப் 'பாண்டிக்காரன்' என்று முகம் சுளித்தவர்கள். 1891 இன்னும் மோசம். 'திருவிதாங்கூர் திருவிதாங்கூர்க்காரருக்கே' என்று பத்தாயிரம் பேருக்கு மேல் மூலம் திருநாள் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்த வருஷம் அது. பெரிய உத்தியோகமெல்லாம் தமிழ்ப் பரதேசிப் பிராமணருக்குப் போகிறது என்பது புகார். (அதில் நியாயம் இல்லாமல் இல்லை.) கையெழுத்துப் போட்டவர்களில் டாக்டர் பல்புவும் ஒருவர், ஈழவர். வெளியூர்க்காரனை எதிர்க்க அவர் கையெழுத்து தேவைப்பட்டது. சொந்த ஊரில் டாக்டர் உத்தியோகத்துக்கு மட்டும் சாதி குறுக்கே நின்றது. மைசூருக்குப் போய் வேலை பார்த்தார், அதாவது அங்கே வந்தேறியாக. 1896-இல் ஈழவர்கள் 13,176 பேர் தனி மனுப் போட வேண்டியதாயிற்று. ஆகவே கையெழுத்தை எல்லாரிடமும் வாங்கும். நாற்காலிக் கணக்கை மட்டும் பிற்பாடு சொல்லும்.

மாநாட்டுச் சாப்பாட்டுக்கு மரச்சீனியும் மீன்கறியும் போதும். மரச்சீனி தென் அமெரிக்காக்காரன், குழம்பில் கிடக்கும் மிளகாயும் அந்தப் பக்கந்தான். பசிக்கிறவன் கிழங்கிடம் ஆதார் கேட்பதில்லை.

கீரிப்பாறைப் பக்கம் பேச நேர்ந்தால் குரலைத் தாழ்த்தும். அங்கே ரப்பர் பால் வெட்டுகிறவர்களில் சிலோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. 1948-இல் சிலோன் சர்க்கார் குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவராக்கியது. சிலோனில் இந்தியாக்காரன், இங்கே வந்தால் சிலோன்காரன்.

கடைசியாக, பம்பாயிலிருக்கும் உம்ம பெரியப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுவிடாதீர். 1966-இல் சிவசேனை பிறந்த காலத்தில் அவர் மாதுங்காவில் இருந்தார். கம்பெனிகளில் வேலை பார்க்கும் தென்னிந்தியர் பெயர்களைப் பால் தாக்கரேயின் 'மார்மிக்' பத்திரிகை பட்டியல் போட்டு அச்சடித்தது. தெருவில் லுங்கிக்காரனை விரட்டு என்று கோஷம். மனுஷர் இன்றைக்கும் வீட்டுக்குள் லுங்கி, பால் வாங்க வாசலுக்கு வந்தால் பேன்ட். துவைத்த லுங்கியை ரோட்டைப் பார்த்துக் காயப்போடமாட்டார்.