காட்டுப்பள்ளியில் ஏழாம் வேற்றுமை

படிப்பு முடித்த கையோடு வேலைக்காகக் காட்டுப்பள்ளிப் பக்கம் வந்து சேரும் இளைஞன், ரூம் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, பையை இறக்கிவைத்ததும் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘சென்னையில இருக்கேன்மா.’ இவ்வாக்கியம் மெய்யா பொய்யா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். நிலப்படத்தை மட்டும் நம்புவோருக்கு விடை சுலபம். சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்தபோது, திருவொற்றியூரையும் கத்திவாக்கத்தையும் விழுங்கிவிட்டு, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தின் தென்கரையில் வந்து நின்றுகொண்டது. காட்டுப்பள்ளி அக்கரை. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். ஆகவே பையன் பொய் சொல்கிறான் என்று வழக்கை முடித்துவிடலாம். முடித்தால், கூடவே இன்னும் சிலரைக் கூண்டில் ஏற்ற வேண்டிவரும்.

முதல் குற்றவாளி வட சென்னை அனல் மின் நிலையம். அது இருப்பது அத்திப்பட்டில், அதே திருவள்ளூர் மாவட்டத்தில். முதல் இரண்டு நிலைகளில் மட்டும் 1,830 மெகாவாட் திறன் கொண்ட அந்தப் பூதம், பெயர்ப்பலகையிலேயே தன்னைச் சென்னை என்று சொல்லிக்கொண்டு பல ஆண்டுகளாகப் புகை விடுகிறது, யாரும் ஆட்சேபித்ததில்லை. அடுத்தது, 2014இல் காமராசர் பெயர் பெற்ற துறைமுகம். 2001இல் திறந்தபோது அதன் பெயர் எண்ணூர்த் துறைமுகம். எண்ணூர் ஊரோ முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், துறைமுகம் அந்தப் பக்கம். மூன்றாவது சாட்சி காட்டுப்பள்ளியிலேயே இருக்கிறது. 2010இல் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் உடையது. உப்பு நீங்கும்வரை அது காட்டுப்பள்ளிக் கடல். குழாயில் ஏறித் தெற்கே போனதும் சென்னைக் குடிநீர். அஞ்சல் துறையும் இதற்கு உடந்தை: பக்கத்து மீஞ்சூருக்கு 601203 என்று எழுதும் துறை, காட்டுப்பள்ளிக்கு 600120 என்று சென்னை வரிசையிலேயே எண் கொடுத்திருக்கிறது. மின்சாரம் சென்னை, தண்ணீர் சென்னை, தபால் சென்னை. இவற்றுக்காக இரவு ஷிப்ட் பார்க்கும் பையன் மட்டும் திருவள்ளூரா?

இங்கே ஒரு மறுப்பு எழும். காட்டுப்பள்ளி என்றே சொல்லித் தொலைத்தால் என்ன, அதற்கென்று ஒரு பெயர் இருக்கிறதே? இருக்கிறது; அதுதான் சிக்கல். தேவாரம் பாடிய திருக்காட்டுப்பள்ளிகளே இரண்டு, இரண்டும் சோழ நாட்டில். தஞ்சாவூர்க்காரப் பையன் ‘காட்டுப்பள்ளியில இருக்கேன்’ என்றால், பூதலூர்ப் பக்கத்தில்தானே இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து துணியைத் துவைத்துக்கொண்டு போகட்டும் என்று வீட்டில் நினைப்பார்கள். துல்லியமான பெயர் தவறான இடத்தைக் காட்டும்போது, துல்லியமில்லாத பெயரே உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

இருப்பிடத்தைப் பற்றிப் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறதே என்று பக்தி இலக்கியம் அறிந்தவர்கள் சுந்தரரைக் கொண்டுவந்து நிறுத்தலாம். வெளியூரிலிருந்து வந்து, திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, இவ்வூரை விட்டுப் போகமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, பிறகு ஆரூர் நினைப்பு வந்து எல்லையைத் தாண்டியதும் கண்ணை இழந்தார். ஆனால் பெரியபுராணக் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். சத்தியம் செய்யும் நேரத்துக்கு மட்டும் சன்னதியிலிருந்து மகிழ மரத்துக்குக் குடிபெயர்ந்துகொள்ளும்படி இறைவனையே அவர் முன்கூட்டிக் கேட்டிருந்தார். இறைவன் அதைச் சங்கிலியார் பக்கம் கசியவிட்டதால்தான் திட்டம் கெட்டது. இந்தக் கடற்கரையில் முகவரி என்பது கடவுளுக்கே பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. நம் பையன் போகமாட்டேன் என்று எவருக்கும் சத்தியம் செய்யவில்லை. கான்ட்ராக்ட் வேலைக்காரனிடம் அப்படி யாரும் கேட்பதும் இல்லை.

ஆனால் வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. அதே பையன் ஞாயிற்றுக்கிழமை காலை அறைத்தோழனிடம் ‘டேய், சென்னைக்குப் போயிட்டு வரேன்’ என்று சொல்லி, அத்திப்பட்டு புதுநகரில் மின்சார ரயில் ஏறுகிறான். சென்னையில் இருப்பவன் சென்னைக்கு எப்படிப் போக முடியும்? இரண்டு வாக்கியங்களையும் உற்றுப் பார்த்தால் முரண் ஊரில் இல்லை, உருபில் இருக்கிறது. ‘சென்னைக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. அது ரயில் போகும் இடம், அதற்கு டிக்கெட் உண்டு. ‘சென்னையில்’ என்பது ஏழாம் வேற்றுமை, அது அம்மாவுக்கு. ஏழாம் வேற்றுமைக்கு வினை நிகழும் இடம், நிலம், காலம் என மூன்று பொருளைத் தொல்காப்பியம் சொல்கிறது. கேட்பவர் யார் என்ற நான்காவது பொருளை விட்டுவிட்டது. செல்போன் இல்லாத காலம், தொல்காப்பியரைக் குறை சொல்வதற்கில்லை. ஊர் மாறி வந்தவன் வாயில் இந்த உருபு தான் இருக்கும் இடத்தைக் குறிப்பதில்லை. வீட்டார் தன்னை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கொடுக்கிறது. (கப்பல் கட்டும் தளத்துக்காகக் கடலோரத்திலிருந்து பெயர்க்கப்பட்ட காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்களுக்கு இந்த இலக்கணம் உதவாது. ஊர்ப் பெயர் மாறாமலே ஊர் மாறியவர்கள் அவர்கள்.)

இந்த வழக்கம் செல்போனோடு பிறந்ததல்ல என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று. பிழைப்புத் தேடிப் புகாரை விட்டுக் கிளம்பிய அந்த இளம் தம்பதி ஒரு காதம் கடந்ததுமே, மதுரை எங்கே இருக்கிறது என்று கண்ணகி மூச்சுவாங்கக் கேட்கிறாள். கோவலன் ஆறையும் ஐந்தையும் ஒட்டி ஒரு கணக்குச் சொல்லி, பக்கம்தான் என்று சிரிக்கிறான். பெருக்கினால் முப்பது காதம். களைத்த காதுக்கு ஐந்தாறு. பொய் ஒரு சொல்லும் இல்லை. தூரத்தைக் கேட்பவர் தாங்கும் அளவுக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

இனி, 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசு ஆணையிட்டதை எடுத்துக்காட்டி, பையன் சொன்னது சட்டப்படியே சரியாகிவிட்டது என்று வாதிடலாம். அந்த வாதத்தை இக்கட்டுரை கையில் எடுக்கவில்லை. அரக்கோணத்தையும் சேர்த்துக்கொண்ட எல்லைக்குள் அவனும் இருக்கிறான் என்பது ஆறுதலே தவிர ஆதாரம் ஆகாது. தவிர, அரசாணையைப் படித்துவிட்டு எந்த அம்மாவும் போனில் பேசுவதில்லை. அவர் அடுத்துக் கேட்பது, ‘பீச்செல்லாம் பக்கமாடா?’ என்பது. துறைமுகத்து மதிலுக்கும் கன்டெய்னர் அடுக்குக்கும் பின்னால் கடல் இரைவது கேட்கிறது. ‘பக்கம்தான்மா’ என்கிறான்.