பழைய போனுக்கு வாரிசு யார்? கண்டிக் குடும்பங்களின் எக்ஸ்சேஞ்ச், பெக்கேஜ் வழக்கங்கள் பற்றிய ஓர் ஆய்வு

எக்ஸ்சேஞ்ச் என்பது பாவித்த போனைக் கடையில் கொடுத்து, அதன் பெறுமதியைப் புதிய போனின் விலையில் கழித்துக்கொள்ளும் கொடுக்கல் வாங்கல். குடும்பப் பெக்கேஜ் என்பது ஒரு வீட்டிலுள்ள பல எண்களின் செலவை ஒரே தலையில் கட்டிவிடும் ஏற்பாடு. அமெரிக்காவில் இரண்டும் ஒரே கம்பனியின் ஒரே ஒப்பந்தத்துக்குள் அடங்கும். பழைய போனுக்குரிய தொகையை 24 அல்லது 36 மாத பில்களில் சிறுகச் சிறுகக் கழிப்பார்கள். நடுவில் விலகினால் மிச்சக் கழிவு போனது போனதுதான். வீட்டில் எண்கள் கூடக் கூட, ஓர் எண்ணுக்கான கட்டணம் குறையும். கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனை, அக்குறணை, கலஹா, தெல்தோட்டை முதலிய சுற்றுப்புறங்களிலும் இவை பெரும்பாலும் ஒப்பந்தமின்றியே நடக்கின்றன. முதலாவதைக் கடைக்காரர் நடத்துகிறார். இரண்டாவதை வீட்டில் மாதச் சம்பளம் எடுக்கும் யாரோ ஒருவர், தான் நடத்துவதாக ஒப்புக்கொள்ளாமலே நடத்துகிறார்.

இலங்கையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989இல் செல்டெல் நிறுவனத்துடன் தொடங்கியது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. மொபிடெல் 1993இலும், பின்னர் டயலொக் என்று பெயர்பெற்ற டிஜிட்டல் சேவை 1995இலும் வந்தன. அக்காலத்தில் வரும் அழைப்புக்கும் காசு போனதால், ‘யார் எடுத்தது?’ என்று பார்த்துவிட்டு வெட்டுவது ஒரு பொருளாதார நடவடிக்கையாக இருந்தது. மிஸ்ட் கோல் என்ற இலவசத் தந்திமுறை இந்தச் சூழலில் நன்கு செழித்தது. ஒருமுறை அடித்தால் ‘பஸ்ஸில் ஏறியாச்சு’, இருமுறை அடித்தால் ‘மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வா’ என்ற வகையில் குடும்பத்துக்குக் குடும்பம் தனி அகராதி இருந்தது. இதே வழக்கத்தின் ஆபிரிக்க வடிவத்தை ஜொனதன் டொனர் என்ற ஆய்வாளர் 2007இல் கட்டுரையாக எழுதினார். பணம் கூடியவர்தான் திருப்பி அழைக்க வேண்டும் என்பது அவர் அங்கு கண்ட விதிகளில் ஒன்று. கண்டியில் இந்த விதியை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் முதல் சம்பளம் எடுத்த மகனுக்கு அந்த மாதமே அது தெரியவந்துவிடும்.

கம்பனிகளின் பிற்கால வரலாறு குடும்பக் கணக்கைச் சிக்கலாக்கியது. செல்டெல் 2007இல் டிகோ ஆயிற்று, 2010இல் எடிசலாட் ஆயிற்று, 2018இல் ஹட்ச்சுடன் இணைந்தது. அம்மாவின் 072 எண் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே மூன்று புகுந்த வீடு கண்டுவிட்டது. 2009இல் சேவை தொடங்கிய எயார்டெல்லும் 2024இல் டயலொக்குடன் சேர்ந்தது. ஆகவே ஒரே மேசையில் கிடக்கும் ஐந்து போன்களில் 071, 072, 075, 077, 078 என ஐந்து தொடக்கங்கள் இருப்பதில் வியப்பில்லை. ஒரு கம்பனிக்குள் பேசினால் ஒரு விலை, வெளியே பேசினால் வேறு விலை என்றிருந்த காலத்தில் ஒவ்வொருவரும் இரண்டு சிம் வைத்துக்கொண்டனர். விலை வேறுபாடு மறைந்த பின்னும் இரண்டாவது சிம் மறையவில்லை. நாட்டின் கைத்தொலைபேசி இணைப்புகள் மக்கள்தொகையைத் தாண்டி நிற்பதற்கு இந்த ‘எதற்கும் இருக்கட்டும்’ சிம்களும் ஒரு காரணம்.

எல்லோரும் ஒரே கம்பனிக்கு மாறிவிட்டால் என்ன என்ற கேள்வி கொழும்பில் எழலாம். கண்டியில் அதற்கு மலை விடையளிக்கிறது. கைத்தொலைபேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. மலை குறுக்கிட்டால் அதன் மறுபக்கம் நிழல்தான். நகரம் ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. ஹந்தானையும் பைரவகந்தையும் உடவத்தைக் காடும் அதன் விளிம்புகள். பேராதனையில் போர்டிங்கில் இருக்கும் மகளுக்கு முழுச் சிக்னல் தரும் கம்பனி, கலஹாப் பக்கத்து லயத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு கோடுகூடத் தராது. அந்த லயத்தில் சிக்னல் வரும் இடம் சமையலறை ஜன்னலின் இடது ஓரமாக இருக்கக்கூடும். போன் அங்கேயே ஒரு கயிற்றில் தொங்கும். கையடக்கத் தொலைபேசி அவ்வீட்டில் சுவர்த் தொலைபேசியாகிவிடுகிறது. 2021இல், பெருந்தொற்றால் வகுப்புகள் போனுக்குள் வந்தபோது, பதுளை மாவட்டத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னலுக்காகக் காட்டுவழியே பாறையேறிப் படித்ததை வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களும் படமெடுத்தன. நிலத்தோற்றம் இப்படியிருக்கையில், ‘ஐந்து எண்ணுக்கு ஒரே கட்டணம்’ என்ற கணக்கு காகிதத்தில் மட்டுமே கூடிவரும்.

ஆதலால் கண்டியின் குடும்பப் பெக்கேஜ் ரீலோட்டால் ஆனது. நாட்டின் பெரும்பாலான இணைப்புகள் முற்கொடுப்பனவு வகை. சந்திக்கடையிலோ, ஒரு காலத்தில் நிமிடக் கணக்கில் பேசக் கொடுத்து இன்று போட்டோகொப்பியும் ரீலோட்டுமாக உயிர்வாழும் கொமினிகேஷன் கடையிலோ எண்ணைச் சொன்னால் காசு ஏறிவிடும். ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் ஆளுக்கு மாதம் 700 ரூபாய் டேட்டா பெக்கேஜ் எனக் கொள்வோம். மொத்தம் 3,500. ஆனால் அம்மம்மாவின் டேட்டா தொடப்படாமல் 30ஆம் நாள் காலாவதியாகிறது. இளைய மகனுடையது ஒன்பதாம் நாளே தீர்ந்து, இன்னும் 500 ரூபாய் கேட்கிறது. வீட்டுக்கு 2,500 ரூபாயில் ரௌட்டர் இணைப்பு ஒன்றும், ஆளுக்கு 200 ரூபாயில் பேச மட்டும் சிறு பெக்கேஜும் என்று மாற்றினால், 4,000 ரூபாய் 3,500 ஆகிறது. இந்த 500 ரூபாய் இலாபம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாஸ்வேர்ட் தெரியாதவரைதான் நிற்கும். ரௌட்டர் இல்லாத வீட்டில் அதன் வேலையை அக்காவின் ஹொட்ஸ்பொட் செய்கிறது. அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே நான்கு போன்கள் கிணுகிணுப்பதை வைத்து, அவர் வந்துவிட்டதை அடுப்படியில் இருப்பவர் அறிகிறார். நள்ளிரவுக்குப் பின்னர் மட்டும் செல்லும் இரவு டேட்டா தனிப் பிரிவு. அது வீணாகக் கூடாது என்பதற்காகவே தூங்காமல் படம் இறக்குவோர் எல்லா வீடுகளிலும் உண்டு.

மேற்படி தொகைகளில் கட்டண உயர்வின் பங்கும் வரியின் பங்கும் சிறிதல்ல. 2022 செப்டெம்பரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியுடன் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் 20 வீதம் கூடின. பெறுமதி சேர் வரி அதே ஆண்டில் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, பின் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. வீட்டில் இதற்கெல்லாம் ஒரே விளக்கம்தான்: ‘முந்தி இவ்வளவு போடத் தேவையில்லையே, நீதான் கூடப் பார்க்கிறாய்.’

எண் யாருடையது என்பது அடுத்த சிக்கல். சிம் எடுத்த நாளில் வீட்டில் அடையாள அட்டை வைத்திருந்தவர் அப்பா மட்டுமென்றால், ஐந்து சிம்மும் அப்பாவின் பெயரில் இருக்கும். மகள் திருமணமாகிப் போகிறாள். எண் அவளோடு போகிறது, பதிவு அப்பாவோடு தங்குகிறது. பத்து ஆண்டு கழித்து அவளது போன் களவுபோனால், சிம்மை மீட்க அப்பா அடையாள அட்டையுடன் பஸ் ஏறி வர வேண்டும். கண்டியச் சிங்களவருக்கான மரபுச் சட்டத்தில் இதற்கு ஒப்பான நிலை உண்டு. தீக முறையில் மணமுடித்துக் கணவன் வீடு சென்ற மகள், தந்தைவழிப் பூர்வீகச் சொத்தில் உரிமை இழப்பாள். பின்ன முறையில் கணவனைத் தன் வீட்டுக்கு வரவழைத்தவள் இழக்கமாட்டாள். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் இவ்விரு முறைகளையும் ஏற்கிறது. சிம் விடயத்தில் மட்டும் கண்டியில் வாழும் எல்லா இன மகள்மாரும் பின்ன முறையிலேயே மணமுடித்தவர்கள் எனக் கொள்ளத்தக்கது. புகுந்த வீட்டில் ஐந்து வருடம் இருந்த பின்னும் மாதக் கடைசியில் ரீலோட் பிறந்த வீட்டிலிருந்தே வந்துகொண்டிருப்பது இதற்குச் சான்று.

போனின் உரிமையை வகைப்படுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை கூடுதலாக உதவுகிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட அச்சட்டம் மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. ஆயினும் அதன் பிரிவுகள் அலுமாரி லாச்சிக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. கணவனும் மனைவியும் தவணைக்கு எடுத்த போன் தேடியதேட்டம். அப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்து மகளுக்குத் திருமணத்தின்போது கொடுத்தது சீதனம், கொடுத்தவர் அதை எக்காலத்திலும் அன்பளிப்பு என்றே சொல்வார். மூத்தவனிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து அப்பாவுக்கும் இறங்கிவருவது முதுசம். சட்டப்படி முதுசம் மேலிருந்து கீழாக, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரவேண்டியது. போன் மட்டும் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குப் போகிறது. இந்தத் தலைகீழ் முதுசத்தைக் கணக்கில் எடுக்காததே எக்ஸ்சேஞ்ச் விளம்பரங்களின் பெருங்குறை.

கடையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தலதா வீதியிலோ கொட்டுகொடல்ல வீதியிலோ ஒரு கண்ணாடி மேசை. வாடிக்கையாளர் போனை நீட்டுகிறார். கடைக்காரர் முதலில் அதைத் துடைக்கிறார், பிறகு வெளிச்சத்துக்குச் சரித்துக் கீறல் பார்க்கிறார். சிம் தட்டை ஊசியால் வெளியே தள்ளி உள்ளே எட்டிப் பார்க்கிறார். தண்ணீர் பட்டால் சிவக்கும் சிறு அடையாளம் அங்கே இருக்கும் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. நட்சத்திரம், ஹேஷ், பூச்சியம், ஆறு, ஹேஷ் என்று அடித்து 15 இலக்க எண்ணை எடுத்து, அதை ஆணைக்குழுவின் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிவைச் சரிபார்க்கிறார். கடைசியாகப் பெட்டரி ஹெல்த்.

“தங்கச்சி, டிஸ்ப்ளே மாத்தியிருக்கா?”

“இல்ல நானா, வாங்கினபடியே இருக்கு.”

“எழுபத்தெட்டு வீதம்தான் பெட்டரி காட்டுது. இருபதுக்கு எடுக்கலாம்.”

ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் பாவித்த கார்ச் சந்தையைப் பற்றி எழுதி, 2001இல் நோபல் பரிசில் பங்குபெற்ற கோட்பாடு இந்த மூன்று வரியில் அடங்கியிருக்கிறது. விற்பவருக்குத் தன் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாப் பொருளையும் குறையுள்ளதாகவே வைத்து விலை சொல்கிறார். நல்ல போன் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமின்றித் திரும்பிவிடுகிறார். அக்கர்லொஃப் சொல்லாத ஒன்றும் உண்டு. திரும்பிப் போகும் நல்ல போன் வீட்டுக்குத்தான் போகிறது, அங்கே அதன் வரலாறு அனைவருக்கும் தெரியும். கடந்த வெசாக் அன்று அது பாத்ரூமில் விழுந்ததும், அரிசிக்குள் இரண்டு நாள் கிடந்ததும் குடும்பச் சொத்தான தகவல்கள்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். புதிய போன் எக்ஸ்சேஞ்ச் கடையில் 95,000 ரூபாய். பழையதற்கு 20,000 கழிவு, கட்ட வேண்டியது 75,000. எக்ஸ்சேஞ்ச் இல்லாத அடுத்த கடையில் அதே போன் கைக்காசுக்கு 90,000. ஆக, உண்மையில் கிடைத்த கழிவு 15,000தான், மிச்சம் 5,000 புதிய போனின் விலைக்குள் ஒளிந்திருந்தது. இவ்வளவும் விலை விசாரிக்கும் எவரும் கண்டுபிடிக்கக்கூடியது. அடுத்த படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அந்தப் பழைய போனை எதிர்பார்த்து, கீறல் விழுந்த தன் போனோடு அம்மா எட்டு மாதமாகப் பொறுத்திருக்கிறார். அவருக்கு இனி 28,000 ரூபாயில் ஒன்று வாங்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் வழியில் வீட்டின் மொத்தச் செலவு 1,03,000. பழையதைக் கொடுக்காமல் 90,000க்கு வாங்கி, 6,000 ரூபாயில் பெட்டரி மாற்றி அம்மாவிடம் கொடுத்தால் 96,000. கடைக்காரர் கழிவை 27,000க்குமேல் உயர்த்தினால்தான் எக்ஸ்சேஞ்ச் வெல்லும். வீட்டில் போன் தேவைப்படுவோர் ஒருவருமில்லை என்றால் கணக்கு அப்படியே புரண்டுவிடுகிறது. 75,000க்கும் 90,000க்கும் இடையில் யோசிக்க ஒன்றுமில்லை. எனவே போனின் வயதையும் மொடலையும் கேட்கும் கடைக்காரர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாலே சரியான விலை சொல்ல முடியும். அவர் கேட்பதில்லை என்றாலும், கூட வந்து வாய் திறக்காமல் நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஓரளவு ஊகித்துக்கொள்கிறார்.

இந்த எண்கள் நாட்டின் நிலையோடு ஏறி இறங்குவன. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி, கைத்தொலைபேசி உட்பட 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு 100 வீதக் காசு வைப்பை விதித்தது. அடுத்த ஆண்டு ரூபாய் சரிந்தது. 2024 ஜனவரியில் போன்களுக்கு இருந்த பெறுமதி சேர் வரி விலக்கும் நீங்கியது. ஒவ்வொரு முறையும் புதிய போன் எட்டாத உயரத்துக்குப் போக, லாச்சியில் கிடந்த பழைய போன் காலையில் எழும்பும்போதே பெறுமதி கூடியிருந்தது. நிலத்துக்கும் தங்கத்துக்கும் மட்டும் உரியதென்று கருதப்பட்ட இக்குணம், உடைந்த கண்ணாடி கொண்ட ஒரு பொருளுக்கும் வாய்த்தது. பதியப்படாத கருவிகளைப் புதிதாக வலைப்பின்னலில் இணைக்க முடியாது என்று ஆணைக்குழு 2025 ஜனவரியில் அறிவித்ததன் பின்னர், வளைகுடாவிலிருந்து பெட்டியில் வரும் போன்களின் மவுசு சற்றுத் தணிந்தது. பழையனவற்றுக்கு விலக்கு இருந்ததால், முதுசப் போன்களுக்கு இதனாலும் நட்டமில்லை.

இறங்குவரிசையின் ஒழுங்கு வீட்டுக்கு வீடு சிறிது மாறினாலும் போக்கு ஒன்றே. புதியது உழைக்கும் பிள்ளைக்கு. அவருடையது படிக்கும் பிள்ளைக்கு, அல்லது வெளிநாட்டிலுள்ள தங்கையுடன் வீடியோவில் பேசும் அம்மாவுக்கு. அடுத்தது அப்பாவுக்கு. அவர் அதில் செய்தியும் கிரிக்கெட் ஸ்கோரும் மட்டுமே பார்ப்பதாகச் சொல்லப்படுகிறது, டேட்டாக் கணக்கு அதற்கு உடன்படவில்லை. வரிசையின் இறுதியில் நிற்பவர் அம்மம்மா. அவர் தொடுதிரையை மறுத்துவிடுகிறார். அவரது பொத்தான் போன் ஒருமுறை சார்ஜ் போட்டால் நாட்கணக்கில் நிற்கிறது, கரண்ட் போனால் டோர்ச் எரிகிறது, கீழே விழுந்தால் மூடி வேறு பெட்டரி வேறாகப் பிரிந்து மறுபடி சேர்ந்துகொள்கிறது. வாரிசு மறுத்த அந்த நான்காம் கைப் போன்தான் கடைசியில் எக்ஸ்சேஞ்ச் கடைக்கு வந்து சேர்கிறது. கடைக்காரர் அதைச் சரித்துப் பார்ப்பதுமில்லை, சிம் தட்டைத் திறப்பதுமில்லை. பாகங்களுக்கென்று 1,500 ரூபாய் சொல்கிறார், அல்லது புதிய போனுக்கு ஒரு பின்கவரும் திரைக் கண்ணாடியும் இலவசமாக ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். இரண்டாவதைத்தான் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள்.